அழைப்பதற்கென்று ஒரு பெயர்

மூதாட்டி ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றிருந்தோம். முதியோர் பலர் அதை இன்றும் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே சொல்வர். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, செவியும் அடைத்துவிட்டது, மூன்று நாள்களாக உணவு இறங்கவில்லை. சடங்கு நூலைத் திறந்து, இறைவனை விளித்துத் தொடங்கும் மன்றாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். சூழ நின்றவர்கள் ஆமென் என்றார்கள். மூதாட்டியிடம் அசைவே இல்லை. எண்ணெய் பூசி முடித்து நூலை மூடிய வேளையில் அவருடைய உதடுகள் அசைந்தன. குனிந்து செவி கொடுத்தோம். "சர்வேசுரா... சர்வேசுரா..." அவ்வளவுதான். அன்றிரவே அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்தபின் அவருடைய பேத்தி, கல்லூரி மாணவி, தயங்கித் தயங்கி நம்மிடம் வந்து கேட்டார்: "ஃபாதர், பாட்டி கடைசியா யாரைக் கூப்பிட்டாங்க?"

கேள்வி நம்மைச் சுட்டது. திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் பெற்று, ஆண்டுதோறும் மறைக்கல்வித் தேர்வில் பரிசும் வாங்கிய பெண், தன் பாட்டி எந்தக் கடவுளை அழைத்தார் என்று அறியவில்லை. பிழை அவருடையதன்று. அந்த வீட்டின் நிலைக்கதவின் மேல் 'சே. ம. சூ.' என்னும் மூன்றெழுத்துகள் உண்டு; சேசு, மரி, சூசை என்று பாட்டனார் காலத்தில் பொறித்தவை. உள்ளே சுவரில் 'யேகோவா யீரே' என்று மின்னும் ஒட்டுப்படம். மேசைமேல் பொதுமொழிபெயர்ப்புத் திருவிவிலியம். அதில் கடவுள், ஆண்டவர். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறைகள் ஒரே கடவுளை மூன்று வகையாக அழைத்துக்கொண்டு, ஒருவர் அழைப்பது மற்றவருக்கு விளங்காமல் வாழ்ந்திருக்கிறார்கள்.

கடவுளுடைய பெயர் எதற்காக நமக்குத் தரப்பட்டது என்னும் கேள்வியை, இந்த மூன்று பெயர்களையும் உரசிப் பார்த்தே ஆராய விழைகிறோம்.

தமிழில் கடவுளுக்குப் பெயர் தேடிய கதை நீண்டது. சற்றே வேடிக்கையும் உடையது. முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்த சிலரின் துணையோடு செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மக்களுக்கு மனப்பாடமாகக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்ப்பாளர் வைத்துவிட்டனர்! அதைத் திருத்துமாறு 1544-இல் தம் உடனுழைப்பாளரான மன்சில்லாஸ் அடிகளுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. கடவுளை நம்புகிறேன் என்பதற்கும் கடவுள் எனக்கு வேண்டும் என்பதற்கும் இடைவெளி உண்டுதான். ஆனால், அந்தத் தவறான சொல்லைச் சொல்லிச் செபித்த மீனவர் பொய் சொல்லிவிட்டார் என்று நமக்குத் தோன்றவில்லை.

சவேரியாருக்குப் பின் வந்த என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கச் சிறுநூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது; அதன் தலைப்பிலேயே கடவுளின் பெயர் நிற்கிறது. தம்பிரான் என்றால் தலைவன். நல்ல தமிழ்ச் சொல். ஆனால் சைவ மடத்துத் துறவியரையும் அதே சொல்லால் அழைத்தனர். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி 'சர்வேசுரன்' என்னும் பெயரை நிலைநாட்டினார். அனைத்துக்கும் ஈசுவரன். ஈசுவரன் என்று மட்டும் சொன்னால் சிவபெருமானையே மக்கள் எண்ணுவர். 'சர்வ' என்னும் முன்னொட்டு, யாவற்றையும் படைத்து ஆளும் ஒருவரைச் சுட்டியது. அடுத்த நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கும், 1714-15-இல் அச்சிட்ட தம் புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல்லையே கையாண்டார். அவருக்குப் பின் பெப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் வெளிவந்த சீர்திருத்த சபைகளின் ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரோ இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரையிலும், அதன்பின் சில ஆண்டுகள் வரையிலும், சர்வேசுரனை விடவில்லை. பின்னர், 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து ஆக்கிய பொதுமொழிபெயர்ப்பு 'கடவுள்' என்பதை உறுதிசெய்தது.

இந்த வரிசையைக் கண்டு மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் ஏன் இவ்வளவு அஞ்சி அஞ்சிச் சொல் தேர்ந்தார்கள் என்பதற்குச் சவேரியாரின் வாழ்விலேயே விடை உண்டு. 1549-இல் சப்பானுக்குச் சென்ற அவர், தம் மொழிபெயர்ப்பாளரின் சொற்படி, கடவுளை 'தைநிச்சி' என்னும் பெயரால் அறிவித்தார். மக்கள் ஆர்வத்தோடு கேட்டனர். சிங்கோன் பௌத்தத் துறவியர் மகிழ்ந்து வரவேற்றனர். ஏனெனில், அது அவர்கள் வணங்கிய மாபெரும் புத்தரின் பெயர். ஈராண்டுகள் கழித்தே உண்மையை உணர்ந்த சவேரியார், அச்சொல்லைக் கைவிட்டு, 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே சப்பானிய மக்களின் காதில் ஒலிக்கச் செய்தார். ஒரு பெயர் மக்கள் உள்ளத்தில் ஏற்கெனவே ஓர் உருவத்தோடு வாழ்கிறது. அந்நியச் சொல்லைக் கொண்டுவந்தாலோ காலியான பாத்திரம். அதில் பொருளை ஊற்றத் தலைமுறைகள் வேண்டும்.

நம் கருத்தில், 'கடவுள்' என்னும் தேர்வு சரியானதே. கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவது மறையுரையாளருக்கு விருப்பமான விளையாட்டு, நாமும் விளையாடியிருக்கிறோம். அந்தச் சொற்பிரிப்பின்மேல் இறையியல் வீடு கட்ட வேண்டியதில்லை. சமய வேறுபாடின்றித் தமிழர் யாவரும் அறிந்த தொன்மையான சொல் என்பதே போதும். 'தேவன்' என்பதற்குப் பன்மை உண்டு. வானுலகத்தார் பலருள் ஒருவர் என்னும் நிழல் அதில் விழுகிறது. விந்தை என்னவெனில், அச்சொல்லைத் தனியே ஏற்காத நாம் தேவமாதா, தேவாலயம், தேவநற்கருணை, தேவதிரவிய அனுமானங்கள் என்று கூட்டுச் சொற்களில் தயக்கமின்றி வழங்கி வந்தோம். இலக்கணமும் இறைப்பற்றும் எப்போதும் ஒரே வழியில் நடப்பதில்லை.

தேர்வு சரி. மாற்றிய விதம்தான் சரியில்லை என்கிறோம். பழைய செபப் புத்தகத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கையில் கொடுத்தோம். சர்வேசுரன்தான் கடவுள், அவர்தான் ஆண்டவர், உங்கள் பாட்டியின் செபமும் உங்கள் செபமும் ஒரே செவியைத்தான் எட்டுகின்றன என்று இளையோருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் ஒரு சொல்லைச் சொல்லிச் செபித்தவரின் தொண்டையிலிருந்து அதைப் பிடுங்க முடியாது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பழையது வடமொழி, புதியது தமிழ் என்னும் பெருமிதம் ஒரு காலத்தில் நமக்கும் இருந்தது. இளங்குருவாய் இருந்தபோது, 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்று வணங்கிய முதியவரை, 'இறைவனுக்குப் புகழ்' என்று சொல்லுமாறு திருத்தியிருக்கிறோம். அவர் பணிவோடு தலையசைத்தார். அதன்பின் நம்மைக் கண்டால் கைகுவிப்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மனிதரின் புகழுரையை நிறுத்தியதுதான் நம் தமிழ்ப்பணி ஆயிற்று.

தொடக்கத் திருச்சபை இவ்வகையில் நம்மைவிடக் கவனமாக இருந்தது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் 'அப்பா' என்னும் அரமேயச் சொல் மூன்று இடங்களில் மட்டும் வருகிறது: கெத்சமனியில் இயேசுவின் மன்றாட்டில் (மாற்கு 14:36), உரோமையருக்கும் (8:15) கலாத்தியருக்கும் (4:6) பவுல் எழுதிய மடல்களில். மூன்று இடங்களிலும் அச்சொல்லை அடுத்து 'தந்தை' என்னும் கிரேக்கச் சொல் நிற்கிறது. உரோமையிலும் கலாத்தியாவிலும் இருந்த விசுவாசிகளில் பலர் அரமேயம் அறியாதவர்கள். ஆயினும், ஆண்டவர் வாயிலிருந்து வந்த ஒலியை அவர்கள் எறியவில்லை. பொருள் விளங்கும் சொல்லை அருகே வைத்துக்கொண்டார்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே மூச்சில் செபமாயின.

இச்சொல்லைப் பற்றி ஒரு சிறு திருத்தம் இங்கே தகும். 'அப்பா' என்பது பால்குடி மழலையின் சொல் என்று பல மறையுரைகளில் கேட்கிறோம். அக்கருத்தைப் பரப்பியவர் செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ். அவரே பின்னர் அதைத் திருத்திக்கொண்டார். வளர்ந்த மக்களும் தந்தையை அழைத்த சொல் அது என்று ஜேம்ஸ் பார் 1988-இல் விரிவாக எழுதினார். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அறுபது வயது மகனும் தொண்ணூறு வயதுத் தந்தையை அப்பா என்றுதான் அழைக்கிறார். அதில் உரிமையும் உண்டு, அச்சமும் உண்டு.

பெயர் ஒன்றைப் பிடுங்கினால் என்ன நேரும் என்பதை மலேசியத் திருச்சபை கண்டிருக்கிறது. சபா, சரவாக் பகுதிகளில் மலாய் மொழியில் வழிபடும் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகக் கடவுளை 'அல்லா' என்றே அழைத்து வந்தனர். தமிழ்ப் பக்கங்களையும் உடைய 'ஹெரால்ட்' என்னும் கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் அச்சொல்லைக் கையாளலாகாது என்று அரசு தடுத்தது. 2009-இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகவும், 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. வேறு சொல்லைக் கையாண்டால் என்ன என்று வெளியே நிற்பவர் கேட்கலாம். தாயின் மடியில் கற்ற சொல்லைத் தவிர வேறொன்றால் அழைக்க அறியாதவருக்கு, அது அகராதியில் ஒரு பக்கத்தைத் திருப்பும் வேலையன்று.

இனி, சுவரில் மின்னிய அந்த ஒட்டுப்படத்துக்கு வருவோம்.

பண்டைய உலகில் ஒருவரின் பெயரை அறிந்தவர் அவர்மேல் ஆற்றல் உடையவர் என்னும் எண்ணம் பரவலாக இருந்தது. தெய்வத்தின் மறைபெயரை அறிந்தவர் அதை ஏவல் கொள்ளலாம் என்று மந்திரவாதிகள் கருதினர். இந்தப் பின்னணியில் விவிலியத்தை வாசித்தால் ஒன்று தெளிவாகும்: கடவுள் பெயர் சொல்லத் தயங்குகிறார். யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் மற்போரிட்ட யாக்கோபு பெயர் கேட்கிறார். விடையாகக் கிடைப்பது ஆசி மட்டுமே (தொடக்க நூல் 32:29). சிம்சோனின் தந்தை மனோவாகு கேட்கிறார். ஏன் கேட்கிறாய், அது வியப்புக்குரியது என்னும் பொருள்பட மறுமொழி வருகிறது (நீதித்தலைவர்கள் 13:18).

எரியும் முட்புதர் அருகே மோசே கேட்டபோது பெயர் கிடைத்தது. கிடைத்ததா, மறைக்கப்பட்டதா என்று இன்றும் அறிஞர் வாதிடுவர். 'இருத்தல்' என்னும் எபிரேய வினையிலிருந்து எழும் விடை அது (விடுதலைப் பயணம் 3:14). கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதை 'இருப்பவர்' என்று பெயர்ச்சொல் ஆக்கினர். கீழைத் திருச்சபையின் திருவோவியங்களில் கிறிஸ்துவின் ஒளிவட்டத்துள் அந்தக் கிரேக்க எழுத்துகளைக் காணலாம். புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பின் முதற் பகுதியில், பதின்மூன்றாம் வினா முழுவதையும் இறைப்பெயர்களுக்கே ஒதுக்கி, 'இருக்கின்றவர்' என்பதே மிகத் தகுந்த பெயர் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது நமக்கு அது தத்துவமாக மட்டுமே தோன்றியது. அதே இடத்தில் அவர் சேர்க்கும் ஒரு குறிப்பை அன்று கவனிக்கவில்லை: கடவுளுக்கே உரிய, வேறெவருக்கும் பகிர முடியாத தனிப்பெயர் என்னும் வகையில் எபிரேயரின் நான்கெழுத்துப் பெயர் இன்னும் தகுந்தது என்கிறார். கடவுளை இயல்பால் சுட்டும் சொல் வேறு. அவரை மட்டுமே சுட்டும் பெயர் வேறு.

இவ்விடத்தில் தமிழ் நமக்கு ஒரு கொடை தருகிறது. 'உள்ளவர்' என்றால் இருப்பு மட்டுமே புலப்படும். 'இரு' என்னும் வினையோ, உளதாதலையும் உடன் தங்குதலையும் ஒருசேரச் சொல்லும். அப்பா இருக்கிறாரா என்று வாசலில் நின்று கேட்பவர் தத்துவம் கேட்கவில்லை. நோயாளியிடம் 'நான் இருக்கேன், பயப்படாதே' என்று சொல்லும் மனைவி இருப்பியல் பேசவில்லை. எபிரேயத்திலும் இப்படியே. பெயர் தரப்படுவதற்கு இரண்டு வசனம் முன்னர், மோசே அஞ்சியபோது, உன்னோடு இருப்பேன் என்று கடவுள் தந்த வாக்குறுதியில் வரும் அதே வினைவடிவம்தான் பெயரிலும் வருகிறது. முட்புதரிலிருந்து வந்த பெயரை, அடிமைகளின் பக்கத்தில் நிற்கப்போகிற ஒருவரின் சொல்லுறுதியாகவே வாசிக்க வேண்டும்.

எபிரேய விவிலியத்தில் 6,800 தடவைக்கு மேல் வரும் அந்த நான்கெழுத்துப் பெயரை இசுரயேல் மக்கள் பிற்காலத்தில் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தினர். எருசலேம் கோவில் இருந்த காலத்தில், பாவக் கழுவாய் நாளில் தலைமைக் குரு அதைச் சொல்ல, மக்கள் முகங்குப்புற வீழ்ந்தனர் என்று யூத மரபு கூறும். மறைநூலை வாசிப்பவர் அவ்விடம் வரும்போதெல்லாம் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசித்தார். அதை நினைவூட்டுவதற்காக, இடைக்காலத்து மறைநூல் அறிஞர் நான்கு மெய்யெழுத்துகளோடு அதோனாயின் உயிர்க்குறிகளைச் சேர்த்து எழுதிவைத்தனர். இந்த ஏற்பாட்டை அறியாத பிற்காலத்தார் அப்படியே கூட்டி வாசித்ததால் பிறந்ததே 'யேகோவா'. எழுதிய ஒரு பெயரையும் சொல்லிய ஒரு பெயரையும் கலந்த கலவை அது. பண்டைய இசுரயேலர் எவரும் கடவுளை அப்படி அழைத்ததில்லை.

யேகோவாவை விட்டு 'யாவே' என்று திருத்தமாகச் சொல்லலாமே என்று நம் பாடகர் குழுக்கள் கேட்டன. சில காலம் பாடியும் வந்தன. உரோமையின் திருவழிபாட்டுப் பேராயம் 2008-ஆம் ஆண்டு சூன் 29 அன்று ஆயர் பேரவைகளுக்கு எழுதிய மடலில், வழிபாட்டிலும் பாடல்களிலும் அப்பெயரை ஒலிக்க வேண்டாம், ஆண்டவர் என்னும் பொருளுடைய சொல்லையே கையாளவேண்டும் என்று பணித்தது. அதைப் பெற்றபோது பலர் முணுமுணுத்தனர். நமக்கோ அது பொருத்தமாகவே பட்டது. யூத மக்களின் உணர்வை மதிப்பது ஒரு காரணம். மற்றொன்று இன்னும் ஆழமானது. கிரேக்க விவிலியம் அப்பெயருக்கு ஈடாக வைத்த 'கீரியோஸ்' என்னும் சொல்லையே திருத்தூதர்கள் உயிர்த்த இயேசுவுக்குச் சூட்டினர். எல்லாப் பெயருக்கும் மேலான பெயர் அவருக்குத் தரப்பட்டது என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது (2:9-11) சுட்டுவது இந்த 'ஆண்டவர்' என்பதையே. இசுரயேலர் அச்சத்தோடு பெயரைச் சொல்லாமல் விட்டதால் உண்டான இடத்தில்தான் 'இயேசுவே ஆண்டவர்' என்னும் நம் அறிக்கை வந்து அமர்ந்தது. யாவே என்று பாடி அந்த இடத்தை நிரப்பிவிட்டால், இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

'யேகோவா யீரே' என்பதில் நம் குறை உச்சரிப்பைப் பற்றியது மட்டுமன்று. இன்று செபக்கூட்டங்களில் அச்சுத்தாள்கள் வழங்குகிறார்கள். கடனுக்கு யீரே, நோய்க்கு ராப்பா, வழக்குக்கு நிசி, குடும்பச் சண்டைக்கு ஷாலோம். இத்தனை தடவை அறிக்கையிடுக என்னும் குறிப்பும் உண்டு. மருந்துக்கடைச் சீட்டுப் போன்ற இதைக் கையில் வைத்துக்கொண்டு விவிலியத்தைத் திறந்து பார்த்தோம். யீரே கடவுளின் பெயரே அன்று. மோரியா மலைக்கு ஆபிரகாம் இட்ட பெயர் (தொடக்க நூல் 22:14). நிசி, மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் (விடுதலைப் பயணம் 17:15). ஷாலோம், கிதியோன் கட்டிய பலிபீடத்தின் பெயர் (நீதித்தலைவர்கள் 6:24). ஷம்மா, எசேக்கியேல் காட்சியில் கண்ட நகரத்தின் பெயர் (48:35). இந்தப் பட்டியலில் ராப்பா ஒன்றே கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன சொல் (விடுதலைப் பயணம் 15:26).

அந்த இடப்பெயர்கள் எப்போது பிறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபிரகாம் மலையேறும்போது அவரிடம் இந்தப் பெயர் இல்லை. மகன் விறகு சுமக்க, தாம் நெருப்பும் கத்தியும் சுமந்து ஏறினார். புதரில் ஆட்டுக்கிடாயைக் கண்டு, மகனைக் கட்டவிழ்த்து, பலியும் செலுத்தியபின் மலைக்குப் பெயரிட்டார். அது நன்றியின் பெயர், நடந்ததற்குச் சான்று. அதை நடக்கவேண்டியதற்குரிய சாவியாக்கி, முன்கூட்டியே கடவுளின் பூட்டில் செருகிப் பார்க்கிறோம். திறவாதபோது, நம் விசுவாசம் குறைவு என்று அந்தப் பேத்தியைப் போன்றவர்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள். பாட்டி நோயுற்ற நாள் முதல் அவர் அந்தத் தாளில் உள்ள பெயர்களை இரவும் பகலும் அறிக்கையிட்டாராம். "எங்கயோ தப்பா சொல்லிட்டேன் போல, ஃபாதர்" என்று பின்னொரு நாள் நம்மிடம் அழுதார். இந்தக் கொடுமையைக் கண்டபின்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இயேசுவின் பெயருக்கு ஆற்றல் இல்லையா? உண்டு. கோவில் வாயிலில் கால் ஊனமுற்றவரைப் பேதுரு அந்தப் பெயரால் எழுப்பினார் (திருத்தூதர் பணிகள் 3:6). அதே நூலில் ஸ்கேவாவின் ஏழு மக்களும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பவுல் அறிவிக்கும் இயேசு என்று, தாங்கள் அறியாத ஒருவரின் பெயரை இரவல் வாங்கிச் சொன்னார்கள். பேய் பிடித்தவர் பாய்ந்து அடிக்க, ஆடையின்றிக் காயங்களோடு ஓடினார்கள் (19:13-16). லூக்கா இதை எழுதும்போது சிரித்திருப்பார் என்றே எண்ணுகிறோம். ஒலி ஒன்றே, ஒருவர் அவரோடு உண்டவர், மறுதலித்து அழுதவர், மற்றவர்கள் கேள்விப்பட்டவர்கள். கடவுளின் பெயரை மந்திரமாக வழங்குவது இரண்டாம் கட்டளைக்கு மாறானது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுவதும் இதனாலேயே.

ஆயினும், செபக்கூட்டத்தாரை மட்டும் கண்டித்துவிட்டு ஓய்வது நேர்மையாகாது. மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்? 'எல்லாம் வல்லவரும் என்றும் வாழ்பவருமான' என்று பொதுவான அடைமொழிகளால் நாம் ஞாயிறுதோறும் அழைப்பது தங்களுடைய கடவுளைத்தானா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சர்வேசுரன் என்பதும் பொருளால் பொதுச்சொல்லே. ஆனால், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு தாய்மார் வாயில் பழகித் தனிப்பெயர் ஆகிவிட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சும்மா விட்டோம். எபிரேயச் சாயலில் ஓர் ஒலி வந்து குடியேறியதில் வியப்பென்ன?

விவிலியத்தில் கடவுளுக்கு முதன்முதலில் பெயரிட்டவர் யார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் ஆபிரகாம் என்பார்கள், மோசே என்பார்கள். இருவருமல்லர். எகிப்தியப் பணிப்பெண் ஆகார். கருவுற்று, தலைவியின் கொடுமைக்குத் தப்பிப் பாலைநிலத்து நீரூற்றருகே கிடந்த அவரை ஆண்டவரின் தூதர் பெயர் சொல்லி அழைத்தார். சாராய் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததாக விவிலியத்தில் ஓரிடத்திலும் இல்லை. பணிப்பெண் என்றே சொன்னார். தம்மைப் பெயரிட்டு அழைத்தவருக்கு ஆகார் ஒரு பெயர் வைத்தார்: 'எல்ரோயி', என்னைக் காண்கின்ற இறைவன் (தொடக்க நூல் 16:13). அதற்கு முன்னும் பின்னும் வேறெவரும் அப்பெயரால் அழைக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் உரிய பெயர் அது. கடவுள் அதை மறுக்கவில்லை, இலக்கணம் திருத்தவுமில்லை.

புயலில் படகோட்டிய சீடர்களிடம் கடல்மேல் நடந்துவந்த ஆண்டவர் என்ன சொன்னார்? அஞ்ச வேண்டாம், நான்தான் (மாற்கு 6:50). இருட்டில் கதவைத் தட்டுபவரை யாரென்று கேட்டால், பெயர் சொல்லாமல் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். குரல் தெரிந்தவருக்குப் பெயர் தேவையில்லை. அந்தக் கிரேக்கச் சொற்கள் முட்புதரில் ஒலித்த பெயரின் எதிரொலி என்பார்கள் அறிஞர்கள். வீட்டுப் பேச்சும் இறைப்பெயரும் ஒரே சொல்லாய் நிற்கும் இந்த இடம் தமிழில் சிறிதும் சிதையாமல் வந்திருக்கிறது.

அந்தப் பேத்தியின் கேள்விக்கு விடை சொல்ல நமக்குச் சில வாரங்கள் ஆயின. பாட்டியின் செபப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டோம். கிழிந்த அட்டையோடு கொண்டுவந்தார். மங்கள வார்த்தை செபத்தை அவரையே வாசிக்கச் சொன்னோம். கரடுமுரடான பழைய சொற்களில் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டே வந்தவர், சர்வேசுரனுடைய தாய் என்று மரியாளை விளிக்கும் இடத்தில் நின்றார். "இது நம்ம அருள் நிறைந்த மரியேதானே, ஃபாதர்?" என்றார். ஆம் என்றோம். மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசித்தார்.

இப்போதெல்லாம் நோயில்பூசுதலுக்குப் போகும்போது, நூலைத் திறக்குமுன் வீட்டாரிடம் ஒன்று கேட்கிறோம்: இவர் சாமியை எப்படிக் கூப்பிடுவார்? சர்வேசுரா என்பார் என்கிறார்கள் சிலர். சேசுவே என்பார் என்கிறார்கள் வேறு சிலர். ஆண்டவரே, இயேசப்பா என்பவர்கள் பலர். கடலோரப் பங்கிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து படுத்திருந்த முதியவர் ஒருவரைப் பற்றிக் கேட்டபோது, "அவரு எப்பவும் 'ஐயா'ன்னுதான் சொல்வாரு, சாமி. கடல்ல போகும்போதும் அப்படித்தான்" என்றார் மருமகள். சடங்கு நூலின் மன்றாட்டை உள்ளபடியே வாசித்தோம். வாசிக்குமுன், அவருடைய செவியருகே குனிந்து, "ஐயா" என்றோம். கண் திறந்தார்.